ஒவ்வாத உணவை அறிவது எப்படி?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களை உள்ளடக்கிய கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் புரட்டாசியிலேயே விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது இந்நிலத்து உழவரின் வழக்கம். கம்பும் சோளமும் குதிரைவாலியும், பருத்தியும் உளுந்தும் பாசியும் இம்மண்ணின் பயிர்கள். இவற்றின் நல்ல இனங்களைத் தேர்ந்து கொடுப்பதற்காக 1901 ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. நிலத்திற்கு எந்த விதை ஏற்கும், எது ஏற்காது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சோதித்துப் பார்த்த வட்டாரம் இது. ஓர் உடலுக்கு எந்த உணவு ஏற்கும், எது ஏற்காது என்பதையும் அதே பொறுமையுடன் சோதித்து அறியலாம் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல முற்படுவது.

நம் கிராமங்களில் வயிற்று உப்புசம், அடிக்கடி கழிச்சல், உண்டவுடன் இரைச்சல், தோலில் அரிப்பு, தடிப்பு ஆகிய தொல்லைகளை ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிவோர் பலர். உயிருக்கு உலை வைக்கும் நோயன்று என்பதால் மருத்துவரிடம் செல்வதில்லை. சென்றாலும் மாத்திரை தின்னும் வரையில் தணிந்து, பிறகு திரும்பிவிடுகிறது. இத்தகையோருள் ஒரு பகுதியினருக்கு நோயின் வேர் அன்றாடம் உண்ணும் ஏதோ ஒரு பண்டத்தில் இருக்கக்கூடும். ஆனால் ‘உணவுதான் காரணம்’ என்று முடிவு கட்டுவதில் நாம் அவசரம் காட்டலாகாது. பால், கடலை, கத்தரிக்காய், மீன் என்று ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் வெறுஞ்சோறும் ரசமுமாகப் பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளும் உண்டு. காரணம் தெரியாமல் துன்புறுவது ஒரு தீங்கு என்றால், காரணமின்றி நல்லுணவை இழப்பது அதனினும் பெரிய தீங்கு.

‘எனக்குப் பால் சேராது’, ‘அவனுக்குக் கருவாடு ஒத்துக்கொள்ளாது’ என்று நம் மக்கள் சொல்லும் சொல் பழமையானது. ‘சேராது’ என்னும் அந்த ஒரே சொல்லுக்குள் வெவ்வேறான சில நிலைகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறிவதே முதல் வேலை.

முதலாவது, மெய்யான ஒவ்வாமை. இதனை ஆங்கில மருத்துவர் அலர்ஜி என்பர். நோய்க்கிருமியை எதிர்க்க உடலில் அமைந்துள்ள காவற்படை, தீங்கற்ற ஓர் உணவுப் பொருளைப் பகைவன் என்று தவறாகக் கருதிப் போர் தொடுப்பது இது. உண்ட சில நிமிடங்களிலோ, பெரும்பாலும் இரண்டு மணி நேரத்திற்குள்ளோ தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியன தோன்றும். அளவு சிறிதாயினும் விளைவு பெரிதாகலாம். இரண்டாவது, செரிக்க இயலாமை. இங்கே போர் ஏதும் இல்லை. செரிப்பதற்கு வேண்டிய பொருள் குடலில் போதிய அளவு சுரப்பதில்லை, அவ்வளவே. கொஞ்சம் உண்டால் தொல்லை இராது. மிகுதியாக உண்டால் தொல்லை வரும். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது நிலை கோதுமையால் வருவது; அதனைப் பின்னர்க் காண்போம்.

பாலும் நாமும்

நம் பக்கத்தில் இரண்டாவது வகையே மிகுதி. அதிலும் பால் முதலிடம் பெறுகிறது. பாலில் இயல்பாக உள்ள இனிப்புக்கு லாக்டோஸ், அதாவது பாற்சர்க்கரை என்று பெயர். இதனைச் செரிக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் நொதி சுரக்கிறது. தாய்ப்பால் உண்ணும் குழந்தைகள் ஏறத்தாழ அனைவருக்கும் இது நிறையச் சுரக்கும். பால்குடி மறந்து வளர வளர, உலக மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு இச்சுரப்பு குறைந்துபோகிறது. இது நோயன்று; மனித இனத்தின் பொது இயல்பு. மாறாக, வயது வந்த பின்னும் பாலை முழுதாகச் செரிக்கும் ஆற்றல், பன்னெடுங்காலம் கால்நடை மேய்த்துப் பால் அருந்தி வாழ்ந்த கூட்டத்தாரிடையே தோன்றிப் பரவிய தனித்திறன்.

1981 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், திருவனந்தபுரத்தில் சோதிக்கப்பெற்றோருள் மூவரில் இருவருக்குப் பாற்சர்க்கரை முழுதும் செரிக்கவில்லை என்று கண்டனர். டில்லியிலோ நால்வரில் ஒருவருக்குச் சற்று மிகுதியானோருக்கே அந்நிலை இருந்தது. தென்னாட்டார் உடலமைப்பு வேறு, வடநாட்டார் உடலமைப்பு வேறு என்பதற்கு இஃது ஒரு சான்று. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குச் செல்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன, காற்று உண்டாகிறது, நீரும் இழுக்கப்படுகிறது. உப்புசம், இரைச்சல், கழிச்சல் என்று நாம் உணர்வன இவையே.

இவ்விடத்தில் எட்டயபுரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1950களின் நடுப்பகுதியில் காமராசர் ஆட்சியில் ஏழைப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டம் அவ்வூரிலே தொடங்கப்பெற்றது. 1960களில் கேர் நிறுவனத்தின் வாயிலாக அமெரிக்கப் பால் மாவும் அத்திட்டத்திற்கு வந்து சேர்ந்தது. பசித்த பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பதில் தவறு காண எவருக்கும் மனம் வராது. எனினும் வயது வந்தோருள் பெரும்பாலார்க்குப் பாற்சர்க்கரை முழுதும் செரிப்பதில்லை என்னும் செய்தியை மருத்துவ உலகம் அறியத் தொடங்கியதே 1965 ஆம் ஆண்டளவில்தான். பால் மாவு அனுப்பிய நாட்டினர் தம் வயிற்றை வைத்தே பிறர் வயிற்றையும் கணித்தனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதனால் பாலை விட்டுவிட வேண்டுமென்பதா? வேண்டுவதில்லை. செரிப்புக் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் பாற்சர்க்கரையைத் தொல்லையின்றித் தாங்குகின்றனர். 100 மில்லி பசும்பாலில் இருப்பது 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு பெரிய குவளை, அதாவது 250 மில்லி பாலை வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடித்தால்தான் அந்த எல்லையை எட்டுகிறோம். ஒரு தேநீரில் சேரும் 50 மில்லி பாலில் இரண்டரைக் கிராம் கூட இல்லை. சோற்றுடன் சேர்த்து, சிறிது சிறிதாக, பல வேளையாகப் பிரித்துக்கொண்டால் தாங்கும். தயிரும் மோரும் அதனினும் எளியவை. உறையும்போது சர்க்கரையின் ஒரு பகுதி புளிப்பாக மாறிவிடுகிறது, எஞ்சியதைச் செரிக்கத் தயிரிலுள்ள நுண்ணுயிரே துணை செய்கிறது. கம்பங்கூழில் மோரைக் கரைத்துச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்ட நம் முன்னோர் ஏடு படித்து இதை அறிந்தவர்கள் அல்லர். வயிறு சொன்னதைக் கேட்டவர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்குக் கழிச்சல் கண்டால் ‘பால் சேரவில்லை’ என்று தாய்ப்பாலை நிறுத்துவது பெருந்தவறு. தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஊட்டி, கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுவதே முறை.

கரப்பான் பண்டம்

நம் சித்த மருத்துவ நூல்கள் தோல் நோயைத் தூண்டுவன என்று சில உணவுகளைக் கரப்பான் பண்டம் என வகுத்து வைத்துள்ளன. சோளம், கம்பு, வரகு, வாழைக்காய், பாகற்காய் போன்றவை அவ்வரிசையில் இடம் பெறுகின்றன. நெல் விளையும் ஆற்றங்கரையில் இருப்பவருக்கு இவற்றை விலக்குவது எளிது. கரிசற்காட்டில் இருப்பவருக்கோ இப்பட்டியல் அடுக்களையையே காலி செய்துவிடும்! மேலும், நூலில் எழுதிய பண்டம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வாது என்று கொள்ளவும் இயலாது. இன்னாருக்கு இன்னது ஒவ்வாது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் செய்தி.

கத்தரிக்காய் அரிக்கும் என்ற நம்பிக்கையை எள்ளி நகையாடுவோர் உண்டு. ஆனால் மைசூரில் நடந்து 2008 இல் வெளியான ஆய்வு ஒன்று, கத்தரிக்காய் ஒவ்வாமை சிலருக்கு மெய்யாகவே உண்டு என்றும், பெண்களிடம் அது மிகுதி என்றும் காட்டியது. எனவே பாட்டி சொன்னதைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம். எல்லோருக்கும் பொருந்தும் விதியாக ஏற்கவும் வேண்டாம். அதை ஓர் ஐயமாக எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம். பத்தியம் என்று நாம் வழங்கும் முறையிலேயே சோதனையின் முற்பாதி அடங்கியிருக்கிறது. விலக்குவதில் நாம் வல்லவர்கள். விலக்கியதை மீண்டும் சேர்த்துப் பார்ப்பதுதான் விட்டுப்போகிறது. அதிலும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு விதித்த விலக்குகள் வேண்டிய காலத்தைக் கடந்தும் நீடித்து, அவர்களுடைய இரத்தத்தையும் எலும்பையும் மெலிவித்துவிடுகின்றன.

சோதிக்கும் முறை

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், உண்டதையும் உற்றதையும் குறித்துவருக. காலையில் என்ன, எத்தனை மணிக்கு, தொல்லை எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, இவ்வளவே போதும். இதற்கென்று ஏடு வாங்க வேண்டுவதில்லை. சிவகாசியில் அச்சாகி நம் வீட்டுச் சுவரெங்கும் தொங்கும் நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறமே இதற்குப் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை எழுதித் தரலாம். இரண்டு வாரத்துக் குறிப்பை வரிசையாக நோக்கினால், பெரும்பாலும் ஒன்றிரண்டு பண்டங்களின் மேல் ஐயம் விழும். திருவிழாவிலும் திருமண வீட்டிலும் உண்ட நாட்களைத் தனியே பார்ப்பது நலம். அன்று பத்துப் பண்டம் கலந்திருக்கும், எதையும் குற்றம் சாட்ட முடியாது.

பிறகு ஐயத்திற்குரிய ஒரே ஒரு பண்டத்தை இரண்டு முதல் நான்கு வாரம் வரை முற்றிலும் விலக்குக. ஒரே நேரத்தில் நான்கை விலக்கினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். இந்த நாட்களிலும் குறிப்பு எழுதுவது தொடர வேண்டும். தொல்லை குறையவில்லையெனில் அப்பண்டம் நிரபராதி; அதை மீண்டும் இலையில் ஏற்றிக்கொள்ளலாம். குறைந்தால் வேலை முடிந்துவிடவில்லை. அப்பண்டத்தை மீண்டும் சிறிய அளவில் தொடங்கி, மூன்று நான்கு நாட்களில் வழக்கமான அளவுக்கு உயர்த்துக. தொல்லை திரும்பி வந்து, மறுபடி விலக்கும்போது மறைந்தால் மட்டுமே ஐயம் உறுதிப்படும். எவ்வளவு வரை தாங்குகிறது என்னும் கணக்கும் அப்போதே கிடைத்துவிடும்.

மீண்டும் சேர்த்துப் பார்ப்பதை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு வரலாறு உண்டு. குழந்தைகள் ஓயாக் கழிச்சலால் மெலிந்து மாயும் ‘சீலியாக்’ என்னும் நோயை 1888 இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ விவரித்தார். 1924 இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்பவர் இக்குழந்தைகளுக்கு வாழைப்பழத்தையே முதன்மையாகக் கொடுத்து, ரொட்டியை விலக்கினார், குழந்தைகள் தேறினர். வாழைப்பழமே மருந்து என்று உலகம் முழுவதும் நம்பிற்று. உண்மையில் நலம் செய்தது வாழைப்பழம் அன்று, ரொட்டி இல்லாமையே. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே, ரொட்டியின் மீது முன்பே ஐயங்கொண்டிருந்தவர். 1944–45 குளிர்காலத்தில் போரினால் அந்நாட்டில் ரொட்டிப் பஞ்சம் வந்தபோது இக்குழந்தைகள் தேறியதும், போர் முடிந்து ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியதும் அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்தின. தம் முடிவுகளை 1950 இல் ஆய்வேடாக வெளியிட்டார். விலக்கலும் மீளச் சேர்த்தலும் ஒரு நாட்டின் துயரத்தினூடே தாமாக நடந்த சோதனை அது.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் இந்நோய் உடையவர்களின் குடலை அரிக்கிறது. வட இந்தியாவில் இது ஆயிரத்தில் எட்டொன்பது பேருக்கு உண்டு என்றும், தென்னாட்டில் மிக அரிது என்றும் 2016 இல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று கூறுகிறது. தென்னாட்டுக் கணக்கு எடுக்கப்பெற்றது வேலூர்ப் பகுதியில். ஆகவே பரோட்டா தின்று வயிறு உப்பியவர் எல்லோரும் தமக்கு இந்நோய் என்று அஞ்ச வேண்டா. மைதாவும் எண்ணெயும் இரவு பத்து மணியும் சேர்ந்தால் எவர் வயிறும் முறையிடும். மெய்யான ஐயம் இருப்பின், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பின் சோதித்தால் நோய் மறைந்து நிற்கும். நோய் உறுதியானவருக்கோ கரிசல் மண் நல்ல புகலிடம். அரிசி, கம்பு, சோளம், குதிரைவாலி, கேழ்வரகு, தினை, சாமை எதிலும் குளூட்டன் கிடையாது. ஆயினும் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு என்பதை அவர் நினைவிற் கொள்ள வேண்டும்.

உளுந்து, மொச்சை, கொண்டைக்கடலை உண்டால் வாயு என்பதும் கட்டுக்கதையன்று. மனிதக் குடல் செரிக்க இயலாத சில சர்க்கரைகள் பயறு வகைகளில் உள்ளன. இரவெல்லாம் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தாலும், முளைகட்டினாலும் அவை குறையும். ஏழை வீட்டின் புரதம் பயறே ஆதலால், விலக்குவதைவிடப் பக்குவத்தை மாற்றுவதே அறிவுடைமை.

கடலையைப் பற்றி

கோவில்பட்டி என்றவுடன் நாவில் ஊறுவது கடலைமிட்டாய். 2020 இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பண்டத்தின் ஊரில் கடலையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. மேனாடுகளில் கடலை ஒவ்வாமை பள்ளிகளையே அச்சுறுத்தும் அளவுக்குப் பெருகியுள்ளது. நம்மிடையே அது அரிதே. ஒவ்வாமைக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகளைக் கொண்டு இலண்டனில் நடத்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வு, கைக்குழந்தைப் பருவத்திலேயே கடலைப் பண்டத்தைப் பழக்கியவர்களிடம் ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று காட்டியது. முழுக் கடலை குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆகையால் அரைத்துக் கூழிலே கலந்து கொடுத்தல் வேண்டும். 100 கிராம் கடலையில் 25 கிராம் அளவு புரதம் உள்ளது. ‘பித்தம்’ என்று அஞ்சி இதைப் பிள்ளைகளுக்கு மறுப்பது, வீட்டு வாசலுக்கு வந்த செல்வத்தை மறுப்பதாகும்.

பூஞ்சணம் பிடித்துக் கசக்கும் கடலை வேறு கதை. அது ஒவ்வாமையன்று, நஞ்சு. 1960 இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருவாரியாக மடிந்தது அத்தகைய கடலைப் பிண்ணாக்கைத் தின்றதால்தான். அதை ஆட்டுக்கும் போடாமல் எறிந்துவிடுக.

கடலை, மீன், இறால், முட்டை, எதுவாயினும் உண்டவுடன் முகம் வீங்கியோ, மூச்சு முட்டியோ, மயங்கியோ விழுந்தவர் மேற்சொன்ன சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. சிறு துணுக்கும் உயிருக்கு ஆபத்தாகலாம். உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். அட்ரினலின் ஊசியே அப்போது உயிர் காக்கும் மருந்து.

உணவின் மேல் பழி போடுமுன் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. குடற்புழு, அமீபா ஆகியவை இதே தொல்லைகளைத் தரும். ஜியார்டியா என்னும் கிருமி குடலில் புகுந்தால் பால் செரிக்கும் ஆற்றல் சில வாரம் இல்லாமற்போய், கிருமி ஒழிந்ததும் திரும்பிவரும். சல்பேட்டு மிகுந்த உவர்க் கிணற்று நீரும் வயிற்றை இளக்கும். தோல் அரிப்புக்குப் பார்த்தீனியச் செடி ஒரு காரணம். தீப்பெட்டித் தொழிலில் கை வைப்பவருக்குக் குச்சி மருந்தில் சேர்க்கப்படும் டைக்குரோமேட்டு உப்பு மற்றொன்று. விரலிடுக்கில் அரிப்பு, ஞாயிற்றுக்கிழமை தணிந்து வாரநாட்களில் மிகுமானால் அடுக்களையில் குற்றவாளியைத் தேடுவதிற் பயனில்லை.

நகரங்களில் இப்போது ஒரு சொட்டு இரத்தத்தில் நூறு உணவுகளுக்குச் சோதனை என்று விளம்பரம் செய்கின்றனர். ஐஜிஜி என்னும் அளவைக் கொண்டு செய்யும் இச்சோதனையை ஒவ்வாமைத் துறை வல்லுநர் கழகங்கள் ஏற்பதில்லை. ஓர் உணவை உண்டு பழகிய உடலில் அவ்வளவு இருப்பது இயல்பே. மருத்துவர் ஏற்கும் ஐஜிஇ சோதனையைக் கூடத் தனியே நம்பலாகாது. கருநாடகத்துப் பள்ளிச் சிறாரிடை நடந்த ஆய்வொன்றில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் இரத்தம் ஏதோ ஓர் உணவுக்கு எதிர்வினை காட்டியது. ஆனால் உண்மையில் ஒவ்வாமை உடையவர் எனத் தேறியோர் ஆயிரத்தில் ஒன்றிருவரே. ஆயிரக்கணக்கில் ரூபாயைக் கொடுத்து நீண்ட பட்டியலைப் பெற்று, அதற்கேற்பப் பிள்ளையைப் பட்டினி போடுவதைக் காட்டிலும் நாட்காட்டித் தாள் நல்ல சோதனை.

மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், விடாத காய்ச்சல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் சோதனையைத் தொடங்காமல் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ செல்லுக. மற்றவர்கள் குறிப்புத் தாளுடன் சென்றால் மருத்துவரின் வேலையில் பாதி குறையும்.

ஒவ்வாத பண்டம் இன்னதென்று உறுதியான பின், அது கொடுத்துவந்த சத்தை வேறொன்றால் ஈடு செய்ய வேண்டும். பாலைக் குறைப்பவர் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகை நாடலாம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. எள்ளும் முருங்கைக் கீரையும் துணையாகும். செரிக்க இயலாமையால் விலக்கிய பண்டத்தை ஆறு மாதத்திற்கு ஒரு முறை சிறிதளவு உண்டு பார்க்கலாம். குழந்தைகளுக்குப் பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வளர வளர நீங்கிவிடும். அவர்களுக்கு அதனை மீண்டும் எப்போது கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்க.